பியானோவுக்கு மூச்சு முட்டாது

ரீச்சர் பதில்கள்

சென்ற மாதம் திருகோணமலை நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வழக்கமில்லாத ஒரு கச்சேரி நடந்தது. புளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹோர்ன் ஊத ஐந்து பேர், பியானோவுக்கு ஒருவர். எல்லோரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள். முதலில் மோட்சார்ட் 1784இல் எழுதிய ஐவர் இசை. அதில் புளூட் கிடையாது. பிறகு லூயிஸ் ஃபராங்க் என்ற பிரெஞ்சுப் பெண்மணியின் அறுவர் இசை. இடைவேளைக்குப் பின் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சிஸ் பூலாங்கின் அறுவர் இசை. அதைப் பற்றிக் கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டதால், வழக்கமான பரீட்சைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெற்றோர் கோபிக்க வேண்டாம்.

*

ரீச்சர், பியானோக்காரருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தாள் புரட்டியது நீங்கள்தானே? ஊதியவர்கள் தாங்களே புரட்டிக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் எதற்கு ஆள்?
– வாசகி, உவர்மலை

நான்தான். முந்தானையை இழுத்துச் செருகி, வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் மேடையேறினேன். தாள் புரட்டுகிறவரின் வளையல் சத்தம் முன்வரிசைக்கு நன்றாகக் கேட்கும். முந்தானை பியானோக் கட்டையில் விழுந்தாலோ, கதை முடிந்தது.

ஊதுபவர் முன்னால் இருக்கிற தாளில் அவரவர் வரி மட்டும்தான். நடுவில் அவருக்கு ஓய்வு வருகிற இடமாகப் பார்த்துப் பக்கத்தை முடித்திருப்பார்கள். பியானோக்காரரின் தாளில் அப்படியில்லை. மேலே மற்ற ஐவரின் வரிகளும் சிறிய எழுத்தில் இருக்கும், கீழே அவருடைய இரண்டு வரி. இதனால் ஒரு பக்கத்தில் கொஞ்ச இசைதான் கொள்ளும். பூலாங்கின் வேகத்தில் பக்கம் வந்த கையோடு தீர்ந்துவிடும், இரண்டு கையும் கட்டையை விட்டு எடுக்க முடியாது. ஆள் வைக்காமல் என்ன செய்வது?

"நான் தலையாட்டினால் புரட்டுங்கோ, ஆட்டாவிட்டாலும் புரட்டுங்கோ" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பொருள், நீயே தாளைப் படித்துக்கொண்டு வா என்பது. கண் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும், ஆகவே கடைசிச் சுரம் வரை காத்திருக்கக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து, இடது கையால் தாளின் மேல் மூலையைப் பிடித்து, அவருடைய பார்வையை மறைக்காமல் ஒரே இழுப்பில் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். காலால் தாளம் போடக் கூடாது. வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது. நமது ஊர் ஆட்களுக்கு இது பெரிய தவம்.

சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் அந்தக் கதிரையிலிருந்து கேட்கிறது எந்த டிக்கட்டுக்கும் கிடைக்காது.

*

எனக்கு வாய்ப்பாட்டு ஓரளவு தெரியும். ராகம் பிடிபட்டால் கச்சேரி முழுவதும் கூடவே போய்விடுவேன். அன்றைக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றேன்.
– வாசகர், அன்புவழிபுரம்

மூச்சைப் பிடியுங்கள். உங்களுடையதை அல்ல, ஊதுகிறவர்களுடையதை.

வீணைக்கோ வயலினுக்கோ மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஊதுகருவி பாடகரைப் போல, எங்கேயாவது நின்றே ஆகவேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிற்க வேண்டிய காரணம் வேறு. புளூட்டில் ஊதுகிற காற்றில் ஒரு பங்கு துளைக்கு வெளியே வீணாகிவிடும், ஆகவே காற்று சீக்கிரம் தீரும். ஓபோவில் சங்கதி நேர்மாறு. அதில் வாய் வைத்து ஊதுகிற நாணல் தகட்டுக்கு ரீட் என்று பெயர். அந்த ரீட்டின் வாய் ஒரு மயிரிழை அகலம். காற்று தீரவே தீராது, நெஞ்சுக்குள் பழசாகித் தேங்கும். அதனால் ஓபோ வாசிப்பவர் முதலில் மிச்சக் காற்றை வெளியே விட்டு, பிறகுதான் புதிதாக இழுக்க வேண்டும். மோட்சார்ட்டின் இரண்டாம் பகுதியில் அந்தப் பெண் நீளமான ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, கருவியை உதட்டிலிருந்து எடுத்து 'பூ' என்று விட்டதை இரண்டு முழம் தள்ளியிருந்து பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. அவருக்குக் குறைந்தது காற்று அல்ல, கூடியதுதான் காற்று.

பியானோவுக்கு மூச்சு முட்டாது. விடிய விடிய ஓடலாம். அதற்கு வேறு குறை: கட்டையை அடித்த அந்தக் கணத்திலேயே சுரம் தேயத் தொடங்கிவிடும். ஊதுபவர் ஒரு சுரத்தை மெல்ல எடுத்துப் பெருக்கி நிறுத்திவைப்பார். பியானோக்காரர் தலைகீழாக நின்றாலும் அது நடக்காது.

ஒரு பக்கம் நிலைக்கிற சுரம், ஆனால் மூச்சுக்கு நிற்க வேண்டும். மறுபக்கம் நிற்கவே தேவையில்லை, ஆனால் சுரம் நிலைக்காது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் வைத்து எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்று கேட்பதுதான் இந்த இசையின் சுவை. மோட்சார்ட் இதில் மெட்டை ஒருவரிடமே நெடுநேரம் விட்டுவைப்பதில்லை. ஓபோ தொடங்கும், கிளாரினெட் வாங்கும், பசூன் கீழிருந்து ஒரு சொல் சொல்லும், ஹோர்ன் முடிக்கும். ஒருவர் மூச்செடுக்கிற இடத்தில் இன்னொருவர் வாக்கியம் தொடங்கியிருப்பார். இவர்கள் நீளமாகப் பிடிக்கிறபோது பியானோ அடியில் சின்னச் சின்னச் சுரங்களாக உடைத்து ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அது தேய்வது நமது காதுக்குத் தெரியாது. பிறகு பியானோ மெட்டை எடுக்கும், ஊதுபவர்கள் பின்னால் மெத்தென்று சுரம் பிடிப்பார்கள்.

இதை எழுதியபோது அவருக்கு 28 வயது. 1784 ஏப்ரல் 1ஆம் திகதி வியன்னாவில் பூர்க் அரங்கில் தானே பியானோ வாசித்து அரங்கேற்றினார். சில நாள் கழித்துத் தகப்பனுக்கு எழுதிய கடிதத்தில், என் வாழ்நாளில் இதுவரை எழுதியதில் இதுவே மிகச் சிறந்தது என்று நினைக்கிறேன் என்கிறார். தகப்பனிடம் பெருமையடிப்பது அவருக்குப் பழக்கம்தான். ஆனாலும் இந்த முறை நான் அவர் பக்கம்.

அடுத்த தடவை கேட்கும்போது ஒன்று செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்காமல், முதல் பகுதி முழுவதும் பசூனை மட்டும் பின்தொடருங்கள். யாரும் கவனிக்காத கருவி அது. அது எப்போது பேசுகிறது, எப்போது வாய்மூடுகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றவை தானாகத் தெளியும்.

*

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நாதஸ்வரம். ஓபோவில் செருகியிருந்ததைப் பார்த்ததும் நமது சீவாளி மாதிரி இருந்தது. இரண்டும் ஒன்றுதானா, ரீச்சர்?
– வாசகர், தம்பலகாமம்

ஒரே வம்சம்தான். இரண்டிலும் இரண்டு தகடு ரீட் ஒன்றோடொன்று அடித்து அதிர்கிறது. இரண்டிலும் குழாய் மேலே ஒடுங்கிக் கீழே விரிகிறது. பசூனும் இந்த வம்சமே. அதன் குழாய் மடிந்து மேலேறுவதால் உருவம் விளங்குவதில்லை, நீட்டினால் இரண்டரை மீற்றர் வரும்.

அதற்கு மேல் ஒற்றுமை தேட வேண்டாம். ஓபோ 65 சென்ரிமீற்றர் அளவு நீளம், உடம்பெல்லாம் துளைகளைத் திறந்து மூடுகிற வெள்ளிச் சாவிகள். ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் ஒரு வழி தயாராக இருக்கிறது. உங்கள் நாதஸ்வரத்தில் சாவி ஏது? ஏழு துளை, விரல், உதடு, மூச்சு. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப்போகிற வேலையை நீங்கள் உதட்டாலும் காற்றாலும் செய்கிறீர்கள். ஓபோவில் அந்த அசைவைக் கொண்டுவரப் பார்த்தால் சாவிகள் குறுக்கே நிற்கும். உங்களது தேர்வீதிக்கான குரல், அவர்களது நாலு சுவருக்குள் கேட்கிற குரல்.

ரீட் விசயத்தில்தான் நீங்களும் அந்த ஓபோக்காரப் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கதைக்கலாம். ஓபோ ரீட்டுக்கான நாணலுக்குப் பேர்போன இடம் பிரான்சின் தெற்கே வார் என்ற பகுதி. உங்கள் சீவாளிக்குக் காவிரிக்கரை நாணல். அந்தப் பெண் கடையில் வாங்குவதில்லை, தானே சின்னக் கத்தியால் சீவுகிறார். கச்சேரிக்கு முன் ஒரு குட்டிப் போத்தல் தண்ணீரில் மூன்று ரீட் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வாயில் வைத்து 'கீக்' என்று ஒரு சத்தம், முகத்தைச் சுளித்து அதைத் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். மடப்பள்ளி வாசலில் உங்கள் ஆட்கள் செய்கிற அதே காரியம், அதே முகச்சுளிப்பு.

*

ஹோர்ன் வாசித்தவர் நடுவே நடுவே கருவியைச் சுழற்றித் துப்பலைத் தரையில் ஊற்றினார். பார்க்க ஒரு மாதிரி இருந்தது.
– வாசகி, நிலாவெளி

அது பெரும்பாலும் துப்பல் அல்ல. மூச்சில் இருக்கிற நீராவி குழாயின் சுவரில் பட்டுத் தண்ணீராவது. ஹோர்னை நேராக நீட்டினால் 3.7 மீற்றர் வரும். அவ்வளவையும் வட்டம் வட்டமாகச் சுருட்டி வைத்திருப்பதால் தண்ணீர் உள்ளே வளைவுகளில் நிற்கும், திசைதிருப்பித் திருப்பித்தான் வெளியே எடுக்க முடியும். எடுக்காவிட்டால் சுரத்தில் கொறகொறப்பு வரும்.

மற்றவர்களுக்கும் இதே தொல்லை. கிளாரினெட்காரர் சட்டைப்பையிலிருந்து சிகரெட் சுற்றுகிற தாளை எடுத்ததைப் பார்த்து என் பின்னால் யாரோ சிரித்தார்கள். புகைக்க அல்ல, பிள்ளைகளே. சாவிக்கு அடியில் இருக்கிற மெத்தையில் தண்ணீர் ஏறினால் சுரம் குளறும். அந்த மெல்லிய தாளை வைத்து ஒற்றி எடுப்பார்கள்.

*

ஹோர்ன் இரண்டு மூன்று இடத்தில் பிசகியது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஒழுங்காகப் பழகிக்கொண்டு வரக் கூடாதா?
– வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

பெயர் வேண்டாம் என்றது நல்லது.

ஒரு நீண்ட குழாயில் ஊதினால் இயல்பாகச் சில சுரங்கள்தான் எழும். கீழே அவை தூரம் தூரமாக இருக்கும், மேலே போகப்போக நெருங்கிவிடும். ஹோர்ன் வாசிப்பு பெரும்பாலும் அந்த நெருக்கமான மேல் பகுதியில்தான். உதட்டின் இறுக்கம் ஒரு துளி மாறினாலும் பக்கத்துச் சுரம் வந்து குதிக்கும். உலகத்திலேயே பெரிய வாத்தியக் குழுக்களிலும் ஹோர்ன் தனியாக எடுக்கிற இடத்தில் மற்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

மோட்சார்ட் காலத்து ஹோர்னுக்கு, குழாயின் நீளத்தை மாற்றுகிற வால்வும் இல்லை. வால்வு வந்தது 1814ஐ ஒட்டி. அதற்கு முன், இடையில் இல்லாத சுரங்களை வாசிப்பவர் வலது கையை மணி வாய்க்குள் நுழைத்து, கூட்டிக் குறைத்து உண்டாக்கினார். அந்தச் சுரங்கள் கொஞ்சம் மூடின மாதிரிக் கேட்கும். ஆகவே மோட்சார்ட் ஹோர்னுக்குத் தாராளமாக வருகிற சுரங்களையே தேடி எழுதினார். கை இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது, குரலை மென்மையாக்கவும் சுருதியைத் திருத்தவும்.

இன்னொன்று. ஹோர்னின் வாய் பின்னோக்கிப் பார்க்கும். அதன் சத்தம் பின்சுவரில் மோதித்தான் நம்மிடம் வருகிறது. மண்டபத்தில் பின்னால் தடித்த வெல்வெட் திரை. போட்டால் அப்படியே விழுங்கிவிடும். ஒத்திகையில் இதைக் கண்டுபிடித்து, திரையை ஒதுக்கி, ஒரு பழைய கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் நிறுத்தினார்கள். தவணைப் பரீட்சை நேரசூசி அழியாமல் அதில் இருந்ததை முன்வரிசைக்காரர் பார்த்திருப்பீர்கள். ஹோர்ன் அவ்வளவு வடிவாகக் கேட்டதற்குப் பாதிப் புண்ணியம் அந்தக் கரும்பலகைக்கு.

*

மெதுவான பகுதியில் ஏன் மின்விசிறிகளை நிறுத்தினார்கள்? அவிந்துபோனோம்.
– வாசகி, பாலையூற்று

சத்தம். பிறகு, தாள்கள். உடுப்புக் கொழுவுகிற கிளிப்பைக் குத்தி வைத்தும் காற்று பக்கத்தைத் தூக்கியது. நான் ஒரு கையால் புரட்டி மறுகையால் அமத்திக்கொண்டிருந்தேன். வேகமான பகுதிக்கு மீண்டும் போட்டார்களே, அதற்காவது நன்றி சொல்லுங்கள்.

*

மோட்சார்ட்டின் நடுப்பகுதியில் பியானோ ஒரு சுருதி, ஊதியவர்கள் ஒரு சுருதி மாதிரி இருந்தது. என் காதில் பிழையா?
– ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர், செல்வநாயகபுரம்

உங்கள் காதில் பிழையில்லை, மாஸ்டர். இரண்டு காரணம் சொல்லலாம்.

ஒன்று வெக்கை. 20 பாகையில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் போகும், 30 பாகையில் 349. குழாய்க்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஒருவரைக் கொழும்பிலிருந்து முதல்நாளே கூட்டிவந்து சேர்த்தாயிற்று, அது இறங்காது ஏறாது. பெரிய வாத்தியக் குழுவில் ஓபோ கொடுக்கிற சுருதிக்குத்தான் எல்லோரும் சேர்ப்பார்கள். பியானோ மேடையில் இருந்தால் ராணி அது. ஓபோவும் அதற்கே பணிய வேண்டும். மின்விசிறி நின்றதும் மண்டபம் கொதித்தது, கிளாரினெட்காரர் குழாய் மூட்டுகளைச் சற்று இழுத்து நீட்டிச் சமாளித்தார். ஓபோவுக்கு அப்படி இழுக்க அதிக இடமில்லை.

இரண்டாவது காரணம் உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும். தம்புராவை மீட்டும்போது உள்ளுக்குள் தானாக ஒலிக்கிற அந்தர காந்தாரம் இருக்கிறதே, பியானோவின் காந்தாரம் அதைவிடச் சற்றுக் கூட. எந்த சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க வசதியாக, 12 அரைச்சுரங்களையும் சமமாகப் பங்குபோட்டதன் விலை அது. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு அளவு கூடுதல். ஊதுபவர்கள் தனியே சேர்ந்து வாசிக்கிறபோது அவர்களுடைய காது தம்புராக் காந்தாரத்துக்கே போகும். பியானோ நுழைந்ததும் அவர்கள் திரும்பி வரவேண்டும். நல்ல குழு இந்தப் போக்குவரவை நமக்குத் தெரியாமல் செய்யும். அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

சுரங்களின் இந்த அளவுக் கணக்குகளில் ருசி இருந்தால் சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூலை எடுத்துப் பாருங்கள், 1947இல் வந்தது. நமது இந்துக் கல்லூரிப் பொறுப்பில் இருந்தவர்தானே அவர். படிக்கக் கடினம், ஆனால் ஓய்வுபெற்றவருக்கு நேரத்துக்கு என்ன குறை.

*

ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டினேன். முன்னாலிருந்த ஒருவர் திரும்பி முறைத்தார். நான் செய்தது பிழையா?
– வாசகி, சாம்பல்தீவு

இல்லை. மோட்சார்ட் காலத்தில் பகுதிக்கு நடுவிலேயே தட்டினார்கள். 1778இல் பாரிசில் தனது சிம்பொனியின் ஓர் இடத்தில், சபை சும்மா இருக்காது என்று தெரிந்தே எழுதியதாகவும், அதேபோல் கைதட்டல் எழுந்ததாகவும் சந்தோசமாகத் தகப்பனுக்கு எழுதியிருக்கிறார். வாய்பொத்தி இருக்கிற வழக்கம் பிறகு வந்தது. உங்களை முறைத்தவர் யாரென்று தெரியும், மெதுவான பகுதி முழுவதும் இருமினவர் அவர்தான்.

*

இவர்களிடம் மனோதர்மம் என்பதே கிடையாதா? எல்லாம் தாளைப் பார்த்துத்தானா?
– மிருதங்க மாணவர், உப்புவெளி

இன்றைக்கு அனேகமாகத் தாள்தான். முன்பு அப்படியில்லை. மோட்சார்ட்டின் அதே கருவிகளுக்கு, அதே சுருதியில், பீத்தோவனும் ஓர் ஐவர் இசை எழுதினார், ஓபஸ் 16, அதாவது படைப்பு எண் 16. அதை அவரே பியானோவில் வாசித்த ஒரு நாளைப் பற்றி அவருடைய மாணவர் ரைஸ் எழுதி வைத்திருக்கிறார். கடைசிப் பகுதியில் எல்லோரும் ஒரு சுரத்தில் நிற்கிற இடம் வருகிறது. பீத்தோவன் அங்கிருந்து தன் கற்பனையில் வாசிக்கப் போய்விட்டார். மெட்டுக்குத் திரும்புகிற மாதிரி வருவார், ஊதுபவர்கள் கருவியை வாய்க்குக் கொண்டுபோவார்கள், அவர் வேறு பக்கம் ஓடிவிடுவார். கருவி கீழே இறங்கும். மீண்டும் வருவார், கருவி மேலே போகும், மீண்டும் ஏமாற்றம். சபைக்குச் சிரிப்பு. ஓபோ வாசித்த ராம் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற வித்துவான். அவருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பாட்டுக்காரர் பல்லவிக்கு வருகிற மாதிரி வந்து வராமல் போகிறபோது உன் கை எப்படி மிருதங்கத்துக்கு மேல் நிற்குமோ, அதேதான் தம்பி. மோட்சார்ட்டோ விபரம் தெரிந்தவர். கடைசிப் பகுதியில் ஐவரும் சேர்ந்து செய்கிற ஒரு தனி இடத்தைத் தானே முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்து பேர் ஆளுக்கொரு கற்பனையில் இறங்கினால் என்னவாகும் என்று யோசித்திருப்பார்.

*

புளூட் வெள்ளியில் இருக்கிறது, அதை எப்படி மரக் காற்றுக் கருவி என்கிறோம்? பரீட்சைக்கு வேண்டும்.
– மாணவி, கிண்ணியா

பரீட்சைக் கேள்வி ஒன்று எப்படியோ நுழைந்துவிட்டது. உடம்பு எதில் செய்தது என்பதை விடு, ஒலி எப்படிப் பிறக்கிறது என்று எழுது. துளையின் விளிம்பில் காற்று வெட்டுப்படுவது புளூட். ஒற்றை ரீட் அதிர்வது கிளாரினெட். இரட்டை ரீட் ஓபோவும் பசூனும். இவை நான்கும் மரக் காற்று. உதடே அதிர்ந்தால் பித்தளை, அது ஹோர்ன். சக்சபோன் பித்தளையால் ஆனாலும் ஒற்றை ரீட், ஆகவே மரக் காற்று. கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டிருப்பாய். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜனைக் கேள், பரீட்சைக்காக அல்ல.

*

ஃபராங்க் அந்தக் காலத்திலேயே பெண்ணாக இருந்து எழுதினாரா? பள்ளியில் எங்களுக்கு அவர் பெயரைச் சொன்னதே இல்லை.
– வாசகி, மூதூர்

சொல்லியிருக்க மாட்டார்கள். பிறந்தது 1804, பாரிசில். 1842இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியராகச் சேர்ந்து ஏறக்குறைய முப்பது வருடம் படிப்பித்தவர். ஆண் பேராசிரியர்களை விட அவருக்குச் சம்பளம் குறைவு. 1850இல் அவருடைய ஒன்பதின்மர் இசை பெரிய வெற்றி பெற்றது. பின்னாளில் பெரிய வயலின் வித்துவானான இளம் ஜோவாகிம் அதில் வயலின் வாசித்தார். அந்தச் சூட்டோடு போய்ச் சமமான சம்பளம் கேட்டார், வாங்கினார். ஆசிரியத் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் அந்த இசையை விட, அவர் சம்பளம் கேட்டு எழுதிய கடிதத்தை வாசிக்கத்தான் எனக்கு அதிக ஆசை.

அவருடைய கணவர் புளூட் வாசிப்பவர், இசை நூல் பதிப்பாளரும்கூட. அன்று கேட்ட அறுவர் இசை 1852ஐ ஒட்டி எழுதியது. பியானோவுடன் ஐந்து ஊதுகருவிகள் என்ற சேர்க்கைக்கு எழுதிய ஆரம்பகாலப் படைப்புகளில் ஒன்று. உண்மையைச் சொன்னால், அதில் பியானோவின் ராச்சியம் சற்று அதிகம். மற்ற ஐவரும் மூச்சுவிடத் தாராளமாக நேரம் கிடைத்தது, எனக்குத்தான் புரட்டிப் புரட்டித் தோள் கழன்றது.

*

கடைசியாக வாசித்தது படத்தில் வருகிற பகிடிக் காட்சிக்குப் போடுகிற இசை மாதிரி இருந்தது. இதுவும் சாஸ்திரிய இசையா?
– வாசகர், குச்சவெளி

பூலாங்குக்கு இதைவிட நல்ல பாராட்டுக் கிடைத்திருக்காது. 1932இல் எழுதி, மனம் ஆறாமல் 1939இல் திருத்தியது. தொடக்கத்தில் ஆறு பேரும் மேலே பாய்ந்து, சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை சொல்வது போல் ஓர் அமளி. அது உங்களுக்குப் பகிடியாகக் கேட்டிருக்கிறது, சரி. ஆனால் அந்த அமளி சட்டென்று நின்று பசூன் தனியே எழுந்ததே, அந்த இடத்தை விட்டுவிட்டீர்களா? எல்லோரும் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒருவரைக் கேட்கிறார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பியானோக்காரரின் கை கட்டைக்கு மேல் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக ஒரு துக்கமான பாட்டு. அந்தத் துக்கம் பொய்யல்ல. சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பேசாமல் போனால் நாம் அவர் முகத்தைப் பார்ப்போமே, அதைத்தான் அவர் நம்மைச் செய்ய வைக்கிறார். நடுப்பகுதியில் ஓபோ எடுக்கிற மெட்டில் மோட்சார்ட்டின் வாசனை வரும். கடைசிப் பகுதி தலைதெறிக்க ஓடி, ஓடினபடியே முடியாமல், நிதானமாகி, கனத்த குரலில் முடியும்.

இவருக்கு ஊதுகருவிகளில் இருந்த பாசம் தந்திக் கருவிகளில் இருக்கவில்லை. 1947இல் ஒரு தந்தி நால்வர் இசை எழுதி, பிடிக்காமல் பாரிசில் ஒரு சாக்கடைக்குள் போட்டுவிட்டார். சாகிறதற்கு முந்திய வருடம், 1962இல், கிளாரினெட்டுக்கு ஒன்று, ஓபோவுக்கு ஒன்று எழுதினார். அன்றைய கச்சேரியில் வாசித்த மூன்றையும் வைத்து ஒன்றைத் தெரிவுசெய் என்றால், எனக்குப் பூலாங்தான்.

*

மகன் பாடசாலை பாண்டில் ட்ரம்பட் ஊதுகிறான். கச்சேரி பார்த்த பிறகு ஹோர்ன்தான் வேண்டும் என்று அடம். வாங்கிக் கொடுக்கலாமா?
– தாய், துறைமுகப் பக்கத்து வாசகி

அவசரப்படாதீர்கள். ட்ரம்பட்டிலிருந்து ஹோர்னுக்கு மாறினவர்கள் அனேகம் பேர், அது கெட்ட வழியல்ல. ஆனால் ஹோர்னின் ஊதுவாய் சின்னது, உள்ளே புனல் மாதிரி ஆழம். உதடு புதிதாகப் பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வாங்கினால் அது வீட்டு அலுமாரிக்கு மேல்தான் கிடக்கும். முதலில் படைகளின் பாண்டுகளில் வாசித்து ஓய்வுபெற்றவர் யாராவது பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். துறைமுகப் பக்கம் என்கிறீர்கள், உங்களுக்குக் கடினமாக இராது.

எந்தக் கருவியானாலும் நமது ஈரக் காற்றுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஊதி முடித்த கையோடு உள்ளே துணிவிட்டுத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடினால் மெத்தைகளிலும் ரீட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பாடசாலையில் அப்படி மூடிவைத்த கிளாரினெட் பெட்டியைத் திறந்தபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

*

இடைவேளையில் கலைஞர்களோடு படம் எடுக்கலாம் என்று போனால் ஒருவரையும் காணவில்லை. எங்கே போனார்கள்?
– வாசகர், திருகோணமலை நகர்

வாசலில் வந்து நின்ற புள்ளிமான்களைப் படம் எடுக்க.

*

வரமுடியாமல் போய்விட்டது. வீட்டிலிருந்து கேட்க எதைத் தேடலாம்?
– வாசகி, சம்பூர்

மோட்சார்ட்டுக்கும் பீத்தோவனுக்கும் 1955இல் வால்டர் கீசிகிங் பியானோ வாசித்த பழைய பதிவு. ஒலி பழசு, ஆனால் ஹோர்ன் ஊதுவது டெனிஸ் பிரெய்ன். இரண்டு வருடம் கழித்து 36 வயதில் கார் விபத்தில் போய்விட்டார். பூலாங் அவருக்காக ஹோர்னுக்கும் பியானோவுக்கும் ஓர் இரங்கல் இசை எழுதினார், அதையும் தேடுங்கள். பூலாங்கின் அறுவர் இசைக்கு அவரே பியானோவில் உட்கார்ந்து, பிலடெல்பியாவின் ஊதுகருவி ஐவரோடு செய்த பதிவு இருக்கிறது. துப்புரவான வாசிப்பு வேண்டுமானால் இப்போதைய பதிவுகள் எத்தனையோ உண்டு, ஆனால் பகிடி எங்கே, துக்கம் எங்கே என்று எழுதினவருக்குத்தானே தெரியும்.

கைபேசியின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். மலிவான இயர்போன் என்றாலும் காதில் வையுங்கள். பசூனின் அடிச் சுரங்கள் ஸ்பீக்கரில் வராது, பிறகு ரீச்சர் சொன்ன பசூனைக் காணவில்லை என்று எனக்கே கடிதம் போடுவீர்கள்.